தார் சுற்றுகிறவளுக்கு வைத்த பெயர்கள்

பொதட்டூர்பேட்டையில் சேலைக்கோ லுங்கிக்கோ கூலி பேசும்போது, தறி ஓட்டுகிறவருக்குத்தான் பேசுவார்கள். ஒரு பாவுக்கு இவ்வளவு, ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்பது கணக்கு. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, புதுப் பாவு பிணைக்கும்போது கூட உட்காருவது, நெய்து இறக்கியதை மடித்து அடுக்குவது எல்லாம் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடும். இவற்றைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். முதலாளியின் நோட்டில் வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருக்கும். அநேகமாக அது ஆணின் பெயர்.

நான் இந்த ஊரில் நெசவு வீட்டில் வளர்ந்தவள். திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். திருத்தணி வட்டாரம் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும். கைத்தறி குறைந்து விசைத்தறிச் சத்தம் பெருகிய பிறகும், தார் சுற்றுகிற கை மாறவில்லை.

கணக்கு நோட்டில் பெயர் இல்லாத இந்தப் பெண்ணுக்கு, கடந்த நாற்பது ஆண்டுகளில் வெளியிலிருந்து பல பெயர்கள் வந்து சேர்ந்தன. நுகர்வோர் என்றார்கள். பயனாளி என்றார்கள். தொழில்முனைவோர் என்றார்கள். கடன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் என்றன. எல்லாமே மரியாதையான பெயர்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட அவளைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, யார் உருவாக்கினார்கள், அவை வந்ததால் எந்தக் கேள்வி மறைந்தது என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு சிந்தனைகள் சந்தித்த இடம்

நவதாராளவாதம் என்றதும் நம் மேடைகளில் 1991லிருந்து பேச்சைத் தொடங்குகிறோம். அந்த ஆண்டு ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட் நம் நாட்டைப் பொறுத்தவரை ஒரு திருப்பம்தான். ஆனால் கருத்தாக அதற்கு வயது அதிகம். 1947இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட் பெலெரின் என்ற இடத்தில் ஃபிரெட்ரிக் ஹாயெக் கூட்டிய கூட்டத்துக்கு லுட்விக் ஃபான் மைசஸ், மில்டன் ஃபிரீட்மன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் வந்தார்கள். அரசு திட்டமிடுவது பெருகப் பெருகத் தனிமனித சுதந்திரம் சுருங்கும் என்பது அவர்களுடைய அச்சம். அப்படியானால் நாட்டில் எது உற்பத்தியாக வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? நுகர்வோர் என்பது அவர்கள் தந்த பதில்.

‘நுகர்வோர் இறையாண்மை’ என்ற தொடரை 1930களில் பரவலாக்கியவர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஹட் என்ற பொருளியலாளர். மைசஸ் சந்தையைத் தேர்தலுக்கு ஒப்பிட்டார். கடையில் கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஒரு வாக்கு. அந்த வாக்குக்குப் பணிந்துதான் முதலாளி பொருள் செய்கிறார் என்பது வாதம். கேட்கும்போது ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் காசுதான் வாக்கு என்றால், காசு கைக்கு வராத உழைப்பைச் செய்கிறவளுக்கு எத்தனை வாக்கு? வாக்குரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய பெண்களின் காலத்திலேயே இந்த உவமை பிறந்தது என்பதை மறக்கக்கூடாது.

மார்க்கெட்டிங் என்ற சந்தைப்படுத்தல் சிந்தனை பிறந்த வீடு வேறு. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குவிந்த பொருளை எப்படி விற்பது என்ற நடைமுறைக் கவலையில் அது பிறந்தது. அங்கேயும் ஆரம்பத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள். 1929இல் கிறிஸ்டின் ஃபிரெட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, ‘திருமதி நுகர்வோர்’ என்று இல்லத்தரசிக்குப் பெயர் சூட்டி, அவளிடம் எப்படி விற்பது என்று உற்பத்தியாளர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் சொல்லித்தரும் புத்தகம் எழுதினார். அதற்கு முன்பு அவர் எழுதியதெல்லாம் வீட்டு வேலையை எப்படித் திறமையாகச் செய்வது என்பதைப் பற்றி. வீட்டு வேலையை வேலையாகப் பார்க்கத் தொடங்கியவர், பிறகு வீட்டை வாங்கும் இடமாகப் பார்க்கும்படி முதலாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரே எழுத்தாளரின் வாழ்க்கையில் நடந்த இந்த மாற்றம், பின்னால் உலகம் முழுவதும் நடந்ததற்கு ஒரு முன்மாதிரி.

1960இல் ஹார்வர்டின் தியோடர் லெவிட், நிறுவனங்கள் தாம் செய்யும் பொருளைப் பார்க்காமல் வாடிக்கையாளரின் தேவையைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். 1967இல் ஃபிலிப் கோட்லரின் பாடநூல் வந்தது. இன்று நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கும் பெண்களும் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார்கள். கோட்லர் சிகாகோவில் ஃபிரீட்மனிடமும், எம்.ஐ.டி.யில் எதிர்த்திசையில் சிந்தித்த பால் சாமுவேல்சனிடமும் படித்தவர். முதலாளியத்தின் குறைகளைப் பட்டியலிட்டு 2015இல் ஒரு புத்தகமும் எழுதினார். ஆகவே இதைச் சிலர் கூடிச் செய்த சதியாகப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டும் சந்தித்த இடம் என்று நான் நினைப்பது 1969. அந்த ஆண்டு கோட்லரும் சிட்னி லெவியும் ஒரு கட்டுரையில், சந்தைப்படுத்தல் சோப்புக்கும் காருக்கும் மட்டும் உரியதல்ல. பல்கலைக்கழகம், தேவாலயம், மருத்துவமனை, காவல்துறை, அரசியல் கட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று வாதிட்டார்கள். மோன்ட் பெலெரின்காரர்கள் சந்தை ஏன் எங்கும் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தை இல்லாத இடத்தில்கூட சந்தை இருப்பதுபோல எப்படி நடந்துகொள்வது என்பதற்கான கையேட்டை மார்க்கெட்டிங் தந்தது. மருத்துவமனைக்கு வருகிறவர் நோயாளி என்பதிலிருந்து வாடிக்கையாளராக மாறினார். அரசு அலுவலகத்துக்கு வருகிற குடிமகள் சேவை பெறுபவளாக மாறினாள். குடிமகளுக்கு உரிமை கேட்கலாம். வாடிக்கையாளருக்குப் புகார் சொல்லலாம், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். வேறு கடை இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கையேட்டில் பக்கம் இல்லை.

நிரோத் தந்த பாடம்

இந்தியாவில் இது 1991க்குப் பிறகு வந்தது என்று சொன்னாலும் தவறாகும். 1971இல் கோட்லரும் ஜெரால்ட் ஸால்ட்மனும் ‘சமூகச் சந்தைப்படுத்தல்’ என்ற சொல்லை ஏட்டில் ஏற்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1968இல் இந்திய அரசு நிரோத் ஆணுறையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் உருவான யோசனை அது. மூன்று ஆணுறை 15 காசு. ஹிந்துஸ்தான் லீவர், லிப்டன், புரூக் பாண்ட் போன்ற நிறுவனங்கள், சோப்பும் தேயிலையும் போகிற வண்டியிலேயே அதையும் கிராமக் கடைகளுக்குக் கொண்டுபோயின.

ஆணுறை மலிவாகக் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் மொழியைப் பாருங்கள். எத்தனை வயதில் பெண்ணுக்குக் கல்யாணம், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் உண்டா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்விகள், பொருள், விலை, கடை, விளம்பரம் என்ற நான்கு தலைப்புகளாகச் சுருங்கின. கடைக்குப் போய் வாங்குகிறவர் ஆண். சந்தைக்கு வெளியே, கருத்தடையின் பெரும்பாரத்தை அறுவைச் சிகிச்சை வழியாகச் சுமந்தது பெண்ணின் உடல். இன்றும் நம் நாட்டில் மிக அதிகமாகப் பயன்படும் கருத்தடை முறை பெண்களுக்கான அறுவைச் சிகிச்சைதான்.

அரசுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. சமூகக் கேள்வி ஒன்றை, சரியான ஆளிடம் சரியான பொருளைச் சேர்க்கும் வேலையாக மாற்றிவிட்டால், அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கலாம் என்பதே அந்தப் பாடம்.

ஒரு பாக்கெட் ஷாம்பு

அடுத்த கட்டம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்ற சிறு தொழிலதிபர், பணக்காரர் பயன்படுத்துவது ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டலங்களில் அடைத்து விற்றுப் பார்த்தார். அவருடைய பிள்ளைகள் அதை ஷாம்புவில் வெற்றியாக்கினார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொடங்கிய சிக் ஷாம்பு, காலி பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்ற உத்தியால் கிராமங்களில் பரவியது. 1990களின் இறுதியில் 50 காசு பாக்கெட் வந்தது. அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர்.

எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. சீயக்காய் அரைப்பது, அரப்பு காய்ச்சுவது எல்லாம் பெண்களின் வேலை. ஒரு பாக்கெட் அந்த வேலையைக் குறைத்தது. நெசவு வீட்டில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. பாவு இறங்கினால் கூலி. கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற அளவில் பொருள் கிடைப்பது வசதி. ஆகவே பாக்கெட்டை வாங்கிய பெண்கள் விளம்பரத்தில் மயங்கியவர்கள் என்று பேசுகிற ஆண் எழுத்தாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

ஆனால் பாக்கெட்டின் அளவு எங்கள் வீட்டுக் கூலியின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி சிறிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தது, பொருளும் சிறிதாயிற்று. கூலி ஏன் அப்படி இருக்கிறது என்பது பாக்கெட் செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. பிரச்சினை என்னவென்றால், பின்னால் வந்த கோட்பாடு, அந்தக் கேள்வியை யாருமே கேட்க வேண்டியதில்லை என்றது.

கோயம்புத்தூரில் பிறந்தவரின் கோட்பாடு

அந்தக் கோட்பாட்டைச் சொன்னவரும் தமிழ்நாட்டுக்காரர். 1941இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சி. கே. பிரகலாத். 2002இல் ஸ்டூவர்ட் ஹார்ட்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையிலும், 2004இல் வந்த புத்தகத்திலும், உலக வருமானப் பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் 400 கோடிப் பேர் பெரும் சந்தை என்றார். ஏழைகளைப் பாவப்பட்டவர்களாகப் பார்ப்பதை விட்டு, விலை அறிந்து வாங்கும் நுகர்வோராகவும் தொழில்முனைவோராகவும் பார்க்க வேண்டும். லாபத்தின் வழியாகவே வறுமையை ஒழிக்கலாம் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டின் சிறு தொழிலதிபர்கள் அனுபவத்தில் கண்ட பாக்கெட், இப்போது பன்னாட்டு நிறுவனங்களுக்கான கொள்கையாயிற்று.

அந்தப் புத்தகம் எடுத்துக்காட்டிய நிறுவனங்களில் ஹிந்துஸ்தான் லீவரும் ஒன்று. அந்நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மாவட்டத்தில் ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண், கடன் வாங்கி சோப்பும் ஷாம்பும் எடுத்து, வீடு வீடாகப் போய் விற்பாள். அவளுக்கு ‘சக்தி அம்மா’ என்று பெயர். 2004 வாக்கில் இப்படி 13,000க்கும் மேற்பட்ட பெண்கள் பல மாநிலங்களில் இருந்தார்கள். மாதம் 700 முதல் 1,000 ரூபாய் வரை வருமானம் வந்ததாகச் சொல்லப்பட்டது. எதுவும் இல்லாத இடத்தில் அது பெரிய தொகைதான்.

அவள் செய்தது ஒரு விற்பனைப் பிரதிநிதியின் வேலை. நகரத்தில் அதே வேலையைச் செய்கிற ஆணுக்குச் சம்பளம், படி, வருங்கால வைப்பு நிதி எல்லாம் உண்டு. சக்தி அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன். விற்காத சரக்கின் நஷ்டம் அவளுடையது. கடன் அவள் பெயரில். அவளுடைய அக்கம்பக்கத்து உறவும், ‘அக்கா சொன்னா சரியா இருக்கும்’ என்று பிற பெண்கள் அவள்மீது வைத்த நம்பிக்கையும்தான் நிறுவனத்துக்குச் சாலையும் கிடங்கும். தொழில்முனைவோர் என்ற பெயர் இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்லியிருப்போம்?

2004இல் பிரகலாத் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரையில், சிவப்பழகு கிரீம் பூசும் ஓர் ஏழைத் துப்புரவுப் பெண் வருகிறாள். தனக்காக வடிவமைத்த பொருளைத் தேர்ந்தெடுப்பதால் அவள் அதிகாரம் பெற்றதாக உணர்கிறாள் என்று அதில் வாதிடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, கறுப்பான பெண்ணுக்கு வேலையும் கல்யாணமும் கிடைக்காது என்பதுபோல் காட்டிய ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. நிறத்தைச் சொல்லிப் பெண்ணை இழிவுபடுத்தும் சமூகத்தை மாற்றுவது ஓர் அதிகாரம். அந்த இழிவிலிருந்து தப்பிக்கச் சின்ன டியூப் வாங்குவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்ததில்தான் சந்தைச் சிந்தனையின் சாமர்த்தியம் இருக்கிறது. அதிகாரம் என்ற சொல்லை நம் இயக்கத்திடமிருந்து எடுத்து, தேர்வு என்ற பொருளில் நமக்கே திருப்பி விற்றார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பொருளுக்குப் பிறகு வந்தது கடன். தமிழ்நாட்டில் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. பின்னர் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது. பெண்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே வைத்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட அமைப்பு அது. வங்கிப் படியேறவும், கையெழுத்துப் போடவும், கணவனைக் கேட்காமல் கூட்டத்துக்குப் போகவும் அது வழி திறந்தது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த அடித்தளத்தின் மேல் லாப நோக்குள்ள நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. வடிவம் ஒன்றுபோலவே தெரியும். பெண்கள் குழு, கூட்டம், தவணை. ஆனால் சேமிப்பு இல்லை, கடன் மட்டும். ஒருத்தி டியூ கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆந்திராவில் இது மிக வேகமாக வளர்ந்தது. அங்கே ‘ஸ்வயம் க்ருஷி சங்கம்’ என்ற பெயரில் தொண்டு அமைப்பாகத் தொடங்கியது எஸ்.கே.எஸ்.; சுயமுயற்சி என்பது பெயரின் பொருள். அதுவே நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. திரட்டிய தொகை சுமார் 1,600 கோடி ரூபாய். இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. கடன் வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள் ஆகியவற்றை அடுத்து, அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

எங்கள் ஊரிலிருந்து எல்லை ஒரு பஸ் பயணம்தான். அந்தப் பக்கம் நகரியிலும் தறிதான் ஓடுகிறது. கொள்வினை கொடுப்பினை உண்டு. அந்தச் செய்திகள் எங்களுக்குத் தூரத்துச் செய்திகளாக இருக்கவில்லை. ஆனாலும் இந்தப் பக்கம் குழு லோன் நிற்கவில்லை. இன்று நுண்கடன் நிலுவை அதிகமுள்ள மாநிலங்களில் பிகாரோடு தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமும், கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

நெசவு வீட்டில் இந்தக் கடன் எதற்குப் போகிறது என்று பெண்களிடம் கேட்டால், தொழில் தொடங்க என்று சொல்கிறவர்கள் குறைவு. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி, பழைய கடன், நூல் விலை ஏறித் தறி நின்ற வாரங்களின் அரிசி பருப்பு. அதாவது கூலியில் இல்லாததைக் கடன் நிரப்புகிறது. கூலி உயர்ந்திருந்தால் வாங்கியிருக்கத் தேவையில்லாத கடனுக்கு வட்டியும் கட்டுகிறோம். அவளைத் தொழிலாளியாகப் பார்த்தால் முதலாளியிடமும் அரசிடமும் ஒரு கேள்வி எழும். வாடிக்கையாளராகப் பார்த்தால், வாரத் தவணை ஒழுங்காகக் கட்டுகிறாளா என்ற கேள்வி மட்டும்தான் எழும்.

உற்பத்தி செய்கிறவள்

இதை முதலிலேயே கண்டுசொன்னவர் ஒரு பெண்ணியர். 1982இல் மரியா மீஸ், ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வு வந்தது. அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போயிற்று. ஏற்றுமதி செய்த ஆண்கள் பணக்காரர்களானார்கள். பின்னியவர்களோ, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே பார்க்கப்பட்டார்கள். உழைப்பவளை இல்லத்தரசியாக்கிக் கூலியைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டை அவர் ‘இல்லத்தரசியாக்கம்’ என்றார். எங்கள் ஊரில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், ராட்டையை நிறுத்தாமலேயே ‘வீட்டுல சும்மாதான் இருக்கேன்’ என்று பதில் வரும். மீஸ் சொன்னதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கவுரை கிடையாது.

மேலாண்மைத் துறைக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்தது. பிரகலாதின் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அனில் கர்னானி 2007இல் அவருக்கு மறுப்பு எழுதினார். ஏழைக்கு விற்பதால் வறுமை குறையாது. ஏழையை உற்பத்தியாளராகப் பார்த்து, அவரிடமிருந்து வாங்கி, அவர் வருமானத்தை உயர்த்துவதே வழி என்றார். சந்தையியலின் மொழியிலேயே சொல்லப்பட்ட விஷயம்தான். ஆனால் கேட்பார் இல்லை.

நெசவுக் கொள்கையின் போக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கப்பட்டபோது நோக்கம், நெசவாளரின் துணியை அவர்களுடைய கூட்டுறவே வாங்கி விற்பது. 1985 ஜவுளிக் கொள்கை, வேலைவாய்ப்பை விட உற்பத்தித் திறனைப் பெரிதாகப் பேசியது. அதே ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட 22 ரகங்கள், 1996இல் 11 ஆகக் குறைந்தன. 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் முதல் தேசியக் கைத்தறி தினத்தில் ‘இந்தியா கைத்தறி பிராண்ட்’ தொடங்கப்பட்டது. 2020இல், நெசவாளர் பிரதிநிதிகளும் அரசோடு உட்கார்ந்து பேச இடமிருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. முத்திரை வந்தது, நாற்காலி போயிற்று. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள் என்பதால், அந்த நாற்காலி யாருக்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றைப் பாருங்கள். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தை, ‘இலவசம்’ என்று சொல்லிப் பலர் ஏளனம் செய்கிறார்கள். வாங்குகிறவரின் பக்கம் மட்டும் நின்று பார்த்தால் அது இலவசம். நெய்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஆண்டுதோறும் வரும் வேலை. அரசே கொள்முதல் செய்வதால் தறி ஓடுகிறது. கூலி போதுமா, காலத்தில் வருகிறதா என்ற சண்டைகள் உண்டு. ஆனால் அவை கூலிச் சண்டைகள். உழைப்பைப் பற்றிப் பேச அங்கே இடமாவது இருக்கிறது.

பெயரைத் திருப்பிக் கேட்பது

நுகர்வோர் என்ற பெயரால் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி நியாயம் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். குழுவில் சேர்ந்த பிறகே தன் பெயரை முதன்முறையாக எழுதிப் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைத் தூக்கி எறியச் சொல்வது, படித்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு எளிது.

‘வாடிக்கை’ என்ற சொல்லை நம் கடைத்தெருவில் எப்படிப் புழங்குகிறோம் என்று யோசியுங்கள். அதில் வழக்கம், தொடர்ச்சி, ஒருவரையொருவர் தெரிந்திருப்பது எல்லாம் உண்டு. வாடிக்கைக் கடைக்காரர் தறி நின்ற வாரத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பார். அவருக்கு நாம் யார், என்ன வேலை செய்கிறோம், எப்போது பாவு இறங்கும் என்பதெல்லாம் தெரியும். சந்தையியல் தந்த வாடிக்கையாளர் என்ற பெயரில் அந்த அறிமுகம் கழிந்துபோய், வாங்கும் சக்தி மட்டும் மிஞ்சியது.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கியபோது, அரசு அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை; உரிமைத்தொகை என்றது. பெண்கள் ஊதியமின்றிச் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றும் சொன்னது. தகுதி வரம்புகளைப் பற்றியும், தொகையைப் பற்றியும் நாம் வாதிடலாம், வாதிடத்தான் வேண்டும். ஆனால் உழைப்பு, உரிமை என்ற இரண்டு சொற்கள் ஓர் அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கலாம். வீட்டு வேலை உழைப்பு என்றால், கூலி உருப்படிக்குள் மறைந்துகிடக்கும் தார் சுற்றும் வேலை என்ன?

அதற்கு நான் முன்வைக்கும் கோரிக்கை சின்னது. உருப்படிக் கூலியை நிர்ணயிக்கும்போது தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் தனி வரி இருக்கட்டும். அந்த வரிக்கு எதிரே அதைச் செய்கிறவளின் பெயர் இருக்கட்டும். நலவாரிய அட்டையும், ஓய்வூதியமும், கூலிப் பேச்சில் ஓர் இடமும் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கும். இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் ஊரில் பீடி சுற்றுகிறவளிடம், அப்பளம் இடுகிறவளிடம், பூக் கட்டுகிறவளிடம் போய், அவளுக்கு என்னென்ன பெயர்கள் வந்திருக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலில் தொழிலாளி என்ற சொல் எத்தனையாவதாக வருகிறது என்று எண்ணுங்கள்.